மூலை எழுத்துகள்

போன வாரம் ஜேசுதாசன் சிரித்தான் என்று எழுதி நிறுத்தியிருந்தேன். அதற்கு எத்தனை ஏச்சு! "அந்த ஆள் சிரிப்பை நம்பி அந்தப் பெண்ணைப் பரீட்சைக்கு அனுப்பிவிடாதீர்கள்" என்று வாசகிகள் எழுதியிருக்கிறார்கள். நான் அனுப்பவில்லை, அம்மா. அவளாகத்தான் கிளம்பினாள்.

இந்த வாரம்தான் கதைக்குள் கால் வைக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. போர்ட் பிளேரில், ஜங்லிகாட் சரிவில், தகரக் கூரை போட்ட வீடு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த மிக்கேல் கட்டியது. மிக்கேல் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ஜேசுதாசன் படகு எஞ்சின் பழுது பார்க்கிறான். மகள் ஞானசெல்வி, அப்பா விட்டுப்போன தமிழ் டைப்ரைட்டரில் ஊராருக்கு மனு அடித்துக் கொடுக்கிறாள். ஜேசுதாசனின் மனைவி ரோசலின்.

குடித்துவிட்டு வந்தால் ஜேசுதாசன் கை ரோசலின் மேல் விழும். செல்வி குறுக்கே போய் நின்றால் நின்றுவிடும். தங்கையை அவன் இதுவரை தொட்டதில்லை. அந்த வீடு அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வடக்கே, படகேறிப் போக வேண்டிய மாயாபந்தரில் புதிதாகத் திறக்கப்போகும் ஓர் அலுவலகத்துக்குத் தமிழ் டைப்பிஸ்ட் வேண்டும் என்று தகவல் வந்தது. சம்பளத்தோடு தங்க ஓர் அறை. உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளக்கூடிய அறை. செல்விக்கு இருபத்தெட்டு வயது. சம்பளத்தைவிட அந்தத் தாழ்ப்பாள்தான் அவளை இழுத்தது. பரீட்சைக்கு மட்டும் மெஷினை அவரவரே கொண்டுவர வேண்டும் என்றார்கள். அண்ணனிடம் கேட்டாள். "டீக் ஹை, போய் எழுது" என்று அவன் சிரித்தான். போன வாரம் விட்ட இடம் அதுதான்.

அந்த நாள் விடிந்தது.

"ஏட்டி செல்வி, இன்னும் ஒரு ஆப்பம் வச்சுக்க. பசிச்ச வயித்தோட விரல் நடுங்கும்" என்றாள் ரோசலின்.

"போதும் மதினி. நெஞ்சு வரைக்கும் நிக்குது."

"நிக்கட்டும். சாயங்காலம் நல்ல சேதியோட வா."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, செல்வியின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டாள். அந்த விரல் ஜில்லென்றிருந்தது. காலை நேரத்துத் தண்ணீர் என்று செல்வி நினைத்துக்கொண்டாள்.

மெஷின் மேசைமேல் தார்ப்பாயில் சுற்றிக் கயிறு கட்டிக் கிடந்தது. மெட்ராஸ் கப்பலில் எப்போதாவது வரும் மெக்கானிக் உதயசூரியனிடம் அண்ணன் எண்ணெய் போடக் கொடுத்து, முந்தின நாள் இருட்டும் நேரத்தில்தான் வந்தது. பிரித்து ஒருமுறை அடித்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. "உப்புக் காத்து ஏறிரும், அங்க போய்ப் பிரிச்சுக்க" என்று அண்ணன் தடுத்துவிட்டான். அதிலும் தப்பில்லை. இந்தத் தீவில் ஒரு மழை நாள் மூடாமல் விட்டால் இரும்பு சிவந்துவிடும்.

ஜேசுதாசனே அதைத் தோளில் தூக்கிக்கொண்டான். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. ஆனாலும் தங்கையிடம் கொடுக்கவில்லை.

"அப்பா மெஷினு. அங்க ஒருத்தன்கிட்டயும் இப்படி ஒண்ணு இருக்காது, பாத்துக்க" என்றான்.

பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட அறையில் அதை இறக்கி வைத்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனான். போகிறவன் முதுகைப் பார்த்துச் செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. இவனைப் போயா தப்பாக நினைத்தோம் என்று தன்னையே நொந்துகொண்டாள். அவளுக்கும் புத்தி எங்கே போனதோ!

பரீட்சை தொடங்க மத்தியானம் ஆகிவிட்டது. வந்தவர்கள் இரண்டே பேர். செல்வி, போர்ட் பிளேரிலேயே டாலிகஞ்ச் பக்கத்திலிருந்து நீலாவதி. நீலாவதி யாரிடமோ இரவல் வாங்கிய மெஷினோடு வந்திருந்தாள். பரீட்சை வைக்க வந்தவர் ராஜமாணிக்கம். கடல் தாண்டி மேன்லேண்டிலிருந்து வந்த வழுக்கைத் தலை மனிதர். கப்பல் ஆட்டம் இன்னும் தீரவில்லை போலும், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே பேசினார்.

"ஊர்ல நிலத்தை வித்துட்டு இங்க குடியேறினவங்களோட பழைய பத்திரங்களை நகல் எடுக்கிற வேலை. பத்திரத்துல எப்படி இருக்கோ அப்படியே வரணும். கட்டம், குறி, எதுவும் மாறக் கூடாது. நான் மணி அடிச்சா கையை எடுத்துடணும்."

செல்வி தார்ப்பாயைப் பிரித்தாள். ஒரு வரி அடித்துப் பார்த்தாள். எழுத்துகள் அழகாக விழுந்தன. எண்ணெய் போட்ட கை தேர்ந்த கைதான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். மணி அடித்தது.

முதல் பத்தி ஓடியது. விரல்கள் ஓடின. எதிரே நீலாவதி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்துவது கேட்டது. அடுத்தது ஒரு பட்டியல். நாலு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்த நிலம், ஒல்லி ஒல்லியான கட்டங்களில். முதல் கட்டத்தில் ஆண்டு. அதற்கு ௵ என்ற பழைய குறி.

வலது சுண்டுவிரலை நீட்டி மூலைச் சாவியைத் தட்டினாள்.

தாளில் ½ என்று விழுந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு சாவியைப் பார்த்தாள். சாவியின் தலையில் ௵ என்றுதான் இருந்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும் அரை. பக்கத்துச் சாவியைத் தட்டினாள். மேற்படிக்கு உரிய ௸ வர வேண்டிய இடத்தில் கால் வந்தது. அடுத்த சாவி, ரூபாய்க் குறி ௹. அதில் முக்கால்.

உள்ளே விரலை விட்டுத் தூக்கிப் பார்த்தாள். மூன்று கம்பிகளின் முனையில் புது ஈயம் பளபளத்தது. பழைய எழுத்துத் துண்டுகளை எடுத்துவிட்டு வேறு எதையோ ஒட்டியிருந்தார்கள்.

அரை, கால், முக்கால். மரக் கான்ட்ராக்டர் பக்தவத்சலம் மர அளவுக்கு இந்தக் கணக்கெல்லாம் மெஷினில் வேண்டும் என்று அண்ணனிடம் மாதக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குத்தானா அந்தச் சிரிப்பு!

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குறிகளை முதலில் கேலி செய்தவள் செல்விதான். "இந்த மூலை எழுத்தையெல்லாம் எவன் கேட்டான்? ரேழியில கிடக்கிற உடைஞ்ச நாற்காலி மாதிரி" என்று சோறு தின்னும்போது அவள் சொல்லி, மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள். மனு அடிக்கிற வரைக்கும் அவை வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு வேண்டியிருந்தது. இன்றைக்குப் பார்த்து இல்லை.

எழுந்து ராஜமாணிக்கத்திடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மெஷினை மூடிக்கொண்டு போ என்பார். செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு, குறிகளுக்குப் பதிலாக முழு வார்த்தைகளையே அடிக்கத் தொடங்கினாள். வருஷம். ரூபாய். மேற்படி. மேற்படி. மேற்படி.

ஒரு தட்டில் முடிய வேண்டியதற்கு ஏழெட்டுத் தட்டு. மேற்படி என்ற வார்த்தை அந்த ஒல்லிக் கட்டத்தில் அடங்கவில்லை. பக்கத்துக் கட்டத்துக்குள் போய் விழுந்தது. அங்கே வர வேண்டிய ரூபாய் அதற்கடுத்த கட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது. மூத்த பிள்ளை நிலம் இரண்டாம் பிள்ளை பெயருக்கு நேராக நின்றது. அவள் நிறுத்தவில்லை. மணி அடித்தபோது பாதிப் பட்டியல் பாக்கி இருந்தது.

ராஜமாணிக்கம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"அர்த்தம் ஒண்ணுதான சார்? குறிக்கு உள்ள வார்த்தையைத்தான அடிச்சிருக்கேன்?"

"அர்த்தத்தை யாரு கேட்டா? யாரு நிலம் எதுன்னே பிரிக்க முடியலையே. ஒரு குறி போட்டா ஓர் இடம். வார்த்தையா அடிச்சா இப்படித்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். இந்தத் தாளை நம்பி ஒருத்தன் நிலம் வாங்கினா அவன் கதி என்ன?"

"மெஷின்ல அந்த எழுத்தை எடுத்துட்டாங்க சார். எனக்கே தெரியாது."

"மெஷின் உங்களோடதுதானே?"

செல்வி மெஷினைத் தார்ப்பாயால் மூடினாள்.

அவர் எலுமிச்சம்பழத்தை ஒருமுறை முகர்ந்தார். "அந்தப் பொண்ணு குறியெல்லாம் சரியா போட்டிருக்கு. ஆனா ஆமை வேகம். பட்டியல்ல முதல் வரியைத் தாண்டலை. அதை வச்சுக்கிட்டு நான் ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்கு மத்தியானம் எனக்கு மாயாபந்தர் போட். காலையில எட்டு மணிக்கு ரெண்டு பேரும் மறுபடி உட்காருங்க. உங்க மெஷின்ல அந்த எழுத்து இருந்தா வாங்க. இல்லாட்டி எனக்கும் வேலை மிச்சம், உங்களுக்கும் மிச்சம்."

மெஷினை அறையிலேயே விட்டுவிட்டு ஓடினாள். அண்ணன் பட்டறைக்கு அல்ல, முதலில் உதயசூரியனிடம். கப்பல் வந்து கட்டும் ஜெட்டிக்குப் பக்கத்து டீக்கடையில் அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். விடியற்காலையில் கப்பல், இருட்டுவதற்குள் ஏறிவிட வேண்டுமாம்.

"திருப்பி ஒட்டணுமா? மெஷின் இருக்கிற இடத்துக்கே வந்து ஒட்டித் தரேன், அதுல என்ன இருக்கு? பழைய துண்டைக் கொண்டாங்க. அது இல்லாம நான் என்ன பிரம்மாவா, புதுசா படைக்க? எடுத்ததைப் பொட்டலமா கட்டி உங்க அண்ணன்கிட்டயே குடுத்துட்டேனே" என்றான்.

பட்டறையில் ஜேசுதாசன் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தான். சாராயக் குப்பி பக்கத்திலேயே இருந்தது.

"என் வாழ்க்கையைக் கெடுக்கணும்னு எவ்வளவு நாளா காத்துக்கிட்டு இருந்த?"

தலையை நிமிர்த்தினான். "என்னட்டி உளறுத?"

"அந்த மூலை எழுத்தை ஏன் எடுத்த? பரீட்சையே அதுலதான் இருந்துது. பாதிப் பட்டியல் அப்படியே நின்னுபோச்சு. ஒனக்கு பக்தவத்சலத்தோட பில்லுதான் பெருசு, என்ன?"

ஜேசுதாசன் முகத்தில் நிஜமாகவே திகைப்புத்தான். நடிக்கத் தெரிந்தவன் அல்ல அவன். அந்த ஒரு நல்ல குணத்தை நான் மறைக்க மாட்டேன்.

"நீ போனாலும் மெஷின் இங்கதான கெடக்கும்? ஒரு புள்ளைய வச்சு அவர் பில்லை அடிச்சுக்கலாம்னு நெனச்சேன். ஆனா நீ பரீட்சை எழுதிட்டு வந்த பெறவு மாத்திக்கிடலாம்னுதான் இருந்தேன். உங்க மதினிதான் வந்து சொன்னா."

"என்ன சொன்னா?"

"மெக்கானிக்கு இனிமே எப்ப வருவானோ, இப்பவே மாத்திருங்க, அந்த எழுத்து பரீட்சைக்கு வராதாம், செல்வியே எடுக்கச் சொல்லிட்டான்னு. பொட்டலத்தைக்கூட அவதான் வாங்கி வச்சுக்கிட்டா. நீ சொல்லலையா?"

பரீட்சைக்கு எதையெல்லாம் படிக்க வேண்டும் என்று செல்வி ரோசலினிடம்தான் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய பத்திரம், பழைய குறி, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"நீ சொல்லலையா?" என்று ஜேசுதாசன் மறுபடி கேட்டான். குரல் மாறியிருந்தது.

அப்போது அவள் பொய் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னதுதான், மறந்துவிட்டேன் என்றிருக்க வேண்டும். ஆத்திரத்தில் வாய் முந்திக்கொண்டது.

"நான் சொல்லவே இல்லை."

ஜேசுதாசன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். குப்பியை எடுத்தான். "அப்ப என்கிட்டயே பொய் சொல்லியிருக்கா. அச்சா. வீட்டுக்கு வாறேன். இன்னைக்கு இருக்கு அவளுக்கு."

செல்வி சரிவில் இறங்கி ஓடினாள். தீவில் பொழுது சீக்கிரம் சாயும். நாலு மணிக்கே வெயில் மஞ்சளாகிவிட்டது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஜெட்டிக்குப் போகலாம், நேரம் இருக்கிறது என்று ஒரு மனது. அண்ணன் குப்பியை முடித்துவிட்டு எழுந்திருப்பான் என்று இன்னொரு மனது.

ரோசலின் அடுப்படியில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். செல்வி வந்து நின்ற விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையைக் கழுவினாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டு, ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். ஒன்றுமே கேட்கவில்லை, பாவி.

"ஏன் மதினி?"

"எடுத்துட்டுப் போ. ஜல்தி போ. மெக்கானிக்கு இன்னும் இருப்பான்."

"ஏன்னு கேட்டேன்."

"கேட்டா என்ன சொல்லணும்?"

"ஆப்பம் சுட்டுக் குடுத்தியே! நெத்தியில சிலுவை போட்டியே! எனக்கு அம்மா மாதிரின்னு நெனச்சேனே!"

ரோசலின் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீ போயிட்டா உங்க அண்ணன் கை ஓங்கும்போது நான் யாரைக் கூப்பிடணும்? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

செல்வி பலகைமேல் கிடந்த பொட்டலத்தைப் பார்த்தாள்.

"மாயாபந்தர் வரைக்கும் என் சத்தம் கேக்குமா? ஒனக்கு உள்ளயிருந்து பூட்டுற ரூம்பு. எனக்கு? நீ ராத்திரியெல்லாம் அந்தத் தாப்பாளைப் பத்தியே பேசும்போது நான் என்ன நெனச்சிருப்பேன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

"அதுக்கு என் கையை ஒடிப்பியா?"

"ஆமா, ஒடிச்சேன். என் கையை அவரு ஒடிச்ச மாதிரி. பாவம்னு தெரிஞ்சுதான் செஞ்சேன். சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துலயும் சொல்லப் போறதில்லை."

செல்விக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அதே நேரம் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. வெறுப்பு வந்தால் முழுசாக வந்து தொலையக் கூடாதா! அரைகுறையாக வந்து மனுஷியைப் பிடுங்குகிறது.

"அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் கடைசியில். "நான்தான் சொல்லிட்டேன். வந்துக்கிட்டு இருக்கான்."

ரோசலின் முகத்தில் ரத்தம் வற்றியது. ஒரு வார்த்தை ஏசவில்லை. மீனை எடுத்துச் சட்டியில் போட்டு மூடினாள். அடி வாங்கப் போகிறவளுக்கு மீன் கெட்டுப்போகக் கூடாதே என்ற கவலை.

கீழே தெருவில் ஜேசுதாசனின் இருமல் கேட்டது. கூடவே ஜெட்டிப் பக்கமிருந்து, ஆட்களை ஏறச் சொல்லும் கப்பலின் ஊதல்.

பொட்டலம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. பின்வாசல் திறந்திருந்தது. அந்த வழியாக இறங்கி ஓடினால் உதயசூரியன் கப்பல் ஏணியில் கால் வைப்பதற்குள் பிடித்துவிடலாம். நாளைக்குக் காலையில் எட்டு மணிக்கு அந்த மூலைச் சாவியைத் தட்டினால் ௵ என்று விழும். பிறகு தாழ்ப்பாள். பிறகு தூக்கம்.

செல்வி பொட்டலத்தை எடுத்தாள். ஒரு நொடி கையில் வைத்திருந்தாள். பிறகு அதைப் பலகைமேல் வீசிவிட்டு, விறுவிறுவென்று முன்வாசலுக்குப் போய், படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"தள்ளுட்டி" என்றான் ஜேசுதாசன். கண் சிவந்திருந்தது.

"தள்ள மாட்டேன்."

"ஒனக்காகத்தான் கேக்கப் போறேன். ஒன் பொழப்பைக் கெடுத்தவ அவ!"

"கெடுத்தா கெடுத்துட்டுப் போறா. அது எனக்கும் மதினிக்கும் உள்ளது. நீ அவ மேல கை வைக்கிறதாலதான் இதெல்லாம். உள்ள போகணும்னா என்னை மிதிச்சுட்டுப் போ."

அவன் நின்றான். கை உயர்ந்தது. தங்கையை இதுவரை தொடாத கை. அது காற்றில் நின்று ஆடியது. பக்கத்து வீட்டுப் பெங்காலிக் கிழவர் வெளியே வந்து, "க்யா ஹுவா, தாஸ்பாய்?" என்று என்ன நடந்ததென விசாரித்தார். கை மெல்ல இறங்கியது. ஜேசுதாசன் காறித் துப்பிவிட்டு வந்த வழியே இறங்கிப் போனான். அவன் மறைகிற வரைக்கும் செல்வி அசையவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

"மதினி, போயிட்டான். வெளிய வா."

அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள்.

மீன்சட்டி மூடியபடி இருந்தது. பின்வாசல் கதவு ஆடிக்கொண்டிருந்தது. பலகைமேல் பொட்டலம் இல்லை.

செல்வி பின்வாசலுக்கு ஓடினாள். அங்கிருந்து இரண்டு வழி. ஒன்று ஜெட்டிக்குப் போகும், உதயசூரியனிடம். இன்னொன்று பாறைகளுக்குப் போகும், பொட்டலத்தை வீசினால் திரும்பக் கிடைக்காத கடலுக்கு. வெளிச்சம் போய்விட்டிருந்தது. இரண்டிலும் ஆள் தெரியவில்லை.

எந்த வழியில் போயிருப்பாள் ரோசலின்? காலையிலிருந்த செல்வியாயிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பாள். இந்தச் செல்விக்குச் சொல்லத் தெரியவில்லை. யாருக்காக வாசலில் குறுக்கே உட்கார்ந்தாளோ, அவளையே நம்ப முடியாமல் இருட்டில் நின்றாள்.

கப்பல் இரண்டாம் முறை ஊதியது.